பீரோ சாவி எங்கே?

(நூலக வார விழாவில் ஆற்றிய உரை)



பின்வரிசையில் உட்கார்ந்து "இந்தத் தாத்தா எப்போது முடிப்பார்" என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறேன். நடுவில் ஒரு கதை வரும். அதில் ஒரு சிங்கம் செத்துப்போகும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

"தொடக்கப் பள்ளி நூலகத்தில் வாசிப்பும் படைப்பும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல தலைப்பு. ஆனால் அழைப்பிதழைக் கையில் வாங்கியதும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் தோன்றியது. முப்பது வருடமாக எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி அது. பீரோ சாவி எங்கே?

1996 ஜூன் மாதம் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர் ஒன்றில் தலைமையாசிரியராகச் சேர்ந்தேன். ஈராசிரியர் பள்ளி. ஓட்டுக் கட்டடம், இரண்டு அறை, ஒரு வேப்பமரம், 58 பிள்ளைகள். எனக்கு முன்பு இருந்தவர் பொறுப்பை ஒப்படைத்தார். மணியைக் கொடுத்தார். கொடிக்கயிற்றைக் கொடுத்தார். அச்சு முறிந்த உலக உருண்டையைக் கொடுத்தார். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து, அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, எதை வேணும்னாலும் தொலைச்சிருங்க. இதை மட்டும் தொலைச்சிராதீங்க. உள்ள 312 புத்தகம் இருக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் ஓய்வு பெறும்போது கையிலேர்ந்துதான் கட்டணும்."

பதினொரு வருடம் அந்தப் புத்தகங்களை அவர் காப்பாற்றியிருக்கிறார். யாரிடமிருந்து? பிள்ளைகளிடமிருந்து!

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். இருப்புப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கண்டு பயப்படாத தலைமையாசிரியர் இந்த அவையில் யாராவது உண்டா? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒருவரும் இல்லை. நானும் தூக்க மாட்டேன்.

மறுநாள் பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை நெடி முகத்தில் அடித்தது. பல புத்தகங்களில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஊரில் அந்த 312 புத்தகங்களையும் ஒழுங்காகப் படித்து முடித்த ஒரே ஜீவன் இராமபாணப் பூச்சிதான். அடுக்கைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. பிள்ளைகளுக்கானவை பாதிகூட இல்லை. கூட்டுறவு பற்றி ஐந்து பிரதிகள். ஐந்தாண்டுத் திட்டம் பற்றி இரண்டு. ஒன்று பட்டுப்புழு வளர்ப்பு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு ஐயா பட்டுப்புழு வளர்ப்பு? நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் வெட்கப்பட வேண்டி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நண்பர்களே, இந்த மேடையில் நின்று ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போனார். போன கொஞ்ச நாளிலேயே, "இந்த வேலை எனக்கு வேண்டாம், என்னை வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள்" என்று கேட்டவர் அவர். லண்டனுக்குப் போய் அங்குள்ள நூலகங்களைப் பார்த்து வா என்றார்கள். போனார், பார்த்தார். திரும்பி வந்தபோது ஆளே வேறாக இருந்தார். எஸ். ஆர். ரங்கநாதனைச் சொல்கிறேன். 1931-இல் அவர் எழுதிய ஐந்து விதிகளை இன்று உலகம் முழுக்க நூலகப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள்.

முதல் விதியின் சாரம் என்ன? புத்தகம் புழங்குகிற பொருள், பூட்டி வைக்கிற பொருள் இல்லை. அதை விளக்க அவர் ஒரு பழைய காட்சியைச் சொல்வார். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களை இரும்புச் சங்கிலி போட்டு மேசையோடு பிணைத்து வைத்திருந்தார்கள். கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். சங்கிலி போட்டவனாவது உட்கார்ந்து படிக்க விட்டான். நம் பீரோ?

அதே 1931-இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டி ஒன்று புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் அதுவே முதல். வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோமே, அது அன்று தொடங்கியது. மாடு இழுத்த காலத்திலேயே புத்தகம் ஆளைத் தேடிப் போயிருக்கிறது. பத்தடி தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் நம் பீரோப் புத்தகம் போக முடியவில்லை. தொடக்கப் பள்ளிக்கு நூலகர் பணியிடம் கிடையாது. அங்கே நூலகர் என்றால், மணி அடித்து, மதிய உணவுக் கணக்கு எழுதி, மூன்று வகுப்பைச் சேர்த்து வைத்துப் பாடம் நடத்துகிற அதே ஆள்தான். இந்த உண்மையை மறைத்துவிட்டு வாசிப்பைப் பற்றி அழகாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

சரி, திறந்தேன். திறந்த பிறகு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. ஒரு பிள்ளைகூடக் கிட்டே வரவில்லை.

ஏன்? புத்தகங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஆளை முதுகைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிப்பது பெரியவர்கள் பழக்கம். பிள்ளைக்கு முகம் வேண்டும். அட்டை தெரிய வேண்டும். அட்டையில் யானை தெரிய வேண்டும். அப்புறம் உயரம். மேல்தட்டு என் கண்ணுக்கு நேராக இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எந்த உயரம்? வீட்டுக்குப் போனதும் தரையில் முழங்கால் போட்டு நின்று உங்கள் அலமாரியைப் பாருங்கள், தெரியும்.

சணல் கயிறு வாங்கினோம். சன்னல் கம்பிக்குச் சன்னல் கம்பி, பிள்ளைகளின் நெஞ்சு உயரத்தில் கட்டினோம். துணி காயப்போடுகிற கிளிப் இரண்டு டஜன். புத்தகம் தொங்கியது. காற்று வந்தால் ஆடியது. ஆடுகிற பொருளைத் தொடாமல் இருக்கிற பிள்ளை உண்டா? பல வருடம் கழித்து அரசே "புத்தகப் பூங்கொத்து" என்ற பெயரில் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளுக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. செயல்வழிக் கற்றல் வந்தபோது, சுவரின் அடியில் பிள்ளைகள் எட்டுகிற உயரத்தில் கரும்பலகை வந்தது. அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் வந்தது. அந்தத் திட்டத்தில் எனக்கு வருத்தங்களும் உண்டு. கற்றல் அட்டைகளை எண்ணி எண்ணி விரல் தேய்ந்த ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆனால் கரும்பலகையை யாரோ ஒருவர் இரண்டடி கீழே இறக்கினார் பாருங்கள், அவருக்கு நான் கும்பிடு போடுவேன்.

இப்போது பட்டுப்புழுவுக்கு வருகிறேன்.

நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதுவும் திக்கித் திக்கி. கயிற்றில் தொங்கிய யானையையும் மயிலையும் விட்டுவிட்டு, பீரோவின் அடித்தட்டில் கிடந்த அந்தப் பட்டுப்புழு வளர்ப்பை எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே புழுவின் படங்கள் வரிசையாக இருக்கும். மூன்று நாள் திருப்பித் தரவில்லை. நான்காம் நாள் சாக்பீஸ் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். திறந்தால் எருக்க இலை, அதன்மேல் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிபோட்ட புழு.

"சார், இதுவும் கூடு கட்டும்தானே?"

"தெரியலையே ஆத்தா. வச்சுப் பார்ப்போம்" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

தினமும் அவள் இலை மாற்றினாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாளுக்கு ஒரு வரி எழுதினாள். "இன்னக்கி எல தின்னுச்சி. நெறய ஆய் போச்சி." மறுநாள், "நேத்தவிட குண்டு." அடுத்த நாள், "சும்மா இருக்கு. செத்துப் போச்சான்னு தெரில." நான் ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. சிவப்புப் பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. அது இருக்கிற இடத்தில் இருந்தது என்பதுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய கல்விப் பணி. டப்பாவின் மூடியில் புழு தலைகீழாகத் தொங்கி, பச்சைக் கூடாக மாறியது. பத்துப் பன்னிரண்டு நாள் ஆனது. ஒரு காலையில் ஆரஞ்சு நிறத்தில், ஓரம் கறுத்த வண்ணத்துப்பூச்சி ஒன்று ஈரச் சிறகோடு உட்கார்ந்திருந்தது. வெந்தய வரியன் என்று அதன் பெயரைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

ரங்கநாதனின் விதிகளில் இன்னொன்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் இருக்கிறார் என்கிற கருத்து. ஐந்தாண்டுத் திட்டத்துக்கு நான் பொறுப்பேற்க முடியாது. பட்டுப்புழு வளர்ப்புக்குச் சாட்சி சொல்வேன்.

அந்தக் காலண்டர் தாளைத்தான் நான் படைப்பு என்கிறேன். படைப்பு என்றதும் நாம் போட்டி வைக்கப் போய்விடுகிறோம். ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி, முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு. எவர்சில்வர் தட்டு வாங்குகிற கடைக்காரருக்கு நல்லது. மூன்று பிள்ளைக்குத் தட்டு கிடைக்கும், ஐம்பது பிள்ளைக்கு 'நமக்கு வராது' என்கிற பாடம் கிடைக்கும். அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு ஆர்வம் இல்லை.

வாசித்துக் காட்டுவதைப் பற்றிப் பேசலாம். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு நூலகத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அவனுக்குத்தான் ஐயா முதல் வேலை! காது வழியாகப் புகாத கதை கண் வழியாகப் புகுமா? புத்தகத்தை நம் பக்கம் திருப்பிப் பிடித்துப் படித்தால் பிள்ளைக்கு நம் நெற்றிதான் தெரியும். படத்தைப் பிள்ளைகள் பக்கம் காட்டிப் பிடிக்க வேண்டும், நாம் பக்கவாட்டில் எட்டிப் படிக்க வேண்டும். கழுத்து வலிக்கும். வலிக்கட்டும். பக்கத்தைத் திருப்புவதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். அந்த ஒரு மூச்சில் 58 பிள்ளைகளும் தங்களுக்குள் ஒரு கதை எழுதிவிடுவார்கள். "திரும்பச் சொல்லுங்க சார்" என்றால் திரும்பச் சொல்ல வேண்டும். பதினேழாவது தடவையும் சொல்ல வேண்டும். நமக்கு அலுக்கும், அவர்களுக்கு அலுக்காது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த சந்தோஷத்தில்தான் எழுத்தின்மேல் விரல் வைக்கத் தொடங்குகிறார்கள்.

இன்னொன்றையும் நன்றியோடு சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுத்தர அறிவொளி இயக்கம் நடந்தது. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது அந்த இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பற்றி. பெரிய எழுத்து, சில பக்கம், பேச்சு மொழியில் கதை. பெரியவர்களுக்காக அச்சிட்டவை. அவற்றை வீடு வீடாகத் தேடி வாங்கி எங்கள் கயிற்றில் தொங்கவிட்டேன். அம்மா படித்த புத்தகத்தை மகன் படித்தான். இன்றைக்கு வாசிப்பு இயக்கம் என்று பள்ளிக் கல்வித் துறை நடத்துகிறது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி வைத்து மெல்லிய புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். எனக்கு அந்தப் பழைய புத்தகங்களின் முகம் தெரிந்தது. நல்ல வேலை, மனமாரப் பாராட்டுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். படி புத்தகத்துக்கு இருக்கட்டும். "இவன் நுழை, இவள் பற" என்று பிள்ளையின் முதுகில் ஒட்டிவிடாதீர்கள். 'நுழை'யில் இருக்கிற பையன் 'பற' புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பிடுங்காதீர்கள். அவன் பறந்துகொண்டிருக்கிறான்.

இப்போது பின்வரிசைக்கு. சிங்கம் வருகிறது!

பஞ்சதந்திரக் கதை, உங்களுக்குத் தெரிந்ததுதான். காட்டில் சிங்கம், நாளுக்கு ஒரு மிருகம் சாப்பாடு. முயலின் முறை வந்தது. முயல் தாமதமாகப் போய், "வழியில் வேறொரு சிங்கம் மறித்தது" என்று சொல்லி, கிணற்றுக்கு அழைத்துப் போனது. சிங்கம் எட்டிப் பார்த்தது, தன் நிழலைக் கண்டு உறுமியது, பாய்ந்தது, செத்தது. வாசித்து முடித்தேன். முடித்ததும் எல்லா வாத்தியாரும் செய்கிற காரியத்தைச் செய்தேன். "இந்தக் கதையிலிருந்து நாம் அறியும் நீதி என்ன?"

58 பிள்ளைகளும் வாயைப் பூட்டிக்கொண்டார்கள்.

கவனியுங்கள். ஒரு நிமிடம் முன்பு சிங்கம் பாயும்போது கத்திய பிள்ளைகள். பீரோவைத் திறந்தவனே நான்தான், அந்த ஒரு கேள்வியால் திரும்பப் பூட்டியவனும் நான்தான். அரை நிமிடம் கழித்து மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கை தூக்கினான். அவன் அப்பா கிணறு வெட்டுகிற வேலை பார்ப்பவர்.

"சார், கிணத்துக்குள்ள சிங்கம் செத்துக் கிடந்தா நாறிப்போகும்ல? அப்புறம் தண்ணிய யாரு குடிப்பா? தூர் வாரணும்ல?"

எத்தனை நூற்றாண்டாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? முயலின் புத்தியைப் புகழ்ந்து புகழ்ந்து களைத்துவிட்டோம். காடு முழுவதும் குடிக்கிற தண்ணீரைக் கெடுத்துவிட்டு முயல் பாட்டுக்குப் போய்விட்டதே என்று யாராவது கேட்டோமா? வருடா வருடம் கிணறு வற்றுகிற ஊர்ப்பிள்ளை கேட்டான்.

அன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. காட்டில் கூட்டம் கூட்டினோம். தண்ணீரை யார் இறைப்பது? யானை, துதிக்கையால். உள்ளே யார் இறங்குவது? குரங்கு, இடுப்பில் கொடி கட்டிக்கொண்டு. "கொடி அறுந்துரும், வடக்கயிறுதான் வேணும்" என்றான் கிணற்றுக்காரர் மகன். கிணற்றில் குடியிருக்கிற தவளைகளை எங்கே வைப்பது? அதில்தான் பெரிய சண்டை. தவளையைப் பானையில் வைக்கலாம் என்றது ஒரு கட்சி. பானை யாருடையது என்றது மறு கட்சி. வாளி வேண்டும் என்று ஒரு பிள்ளை சத்துணவுக் கூடத்துக்கே ஓடிப்போய் வாங்கி வந்துவிட்டாள். கடைசியில் முயலுக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். சேறு சுமக்கிற வேலை. "அதுதானே சார் தள்ளிவிட்டுச்சு?"

அதைப் புத்தகமாக்க வேண்டும் என்றார்கள். எங்களிடம் நூல், பசை எதுவும் இல்லை. ஒரு தாளும் ஒரு பிளேடும் இருந்தன. இப்போது உங்களிடம் நிகழ்ச்சி நிரல் தாள் இருக்கிறது இல்லையா? எடுங்கள். தலைவர் அவர்களும் எடுக்கலாம். நீளவாட்டில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். பிறகு குறுக்கே பாதி, அந்தப் பாதியில் பாதி. பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது குறுக்கே ஒரே ஒரு தடவை மடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டத்து நீளத்துக்கு மட்டும் கிழியுங்கள். அதற்கு மேல் வேண்டாம். பிரித்து, நீளவாட்டில் மடித்து, இரண்டு ஓரத்தையும் உள்பக்கமாகத் தள்ளுங்கள். நடுவில் வாய் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கிறதா? அதைச் சுற்றி மடக்கினால் எட்டுப் பக்கப் புத்தகம். தையல் இல்லை, பசை இல்லை. தலைவர் முழுவதையும் கிழித்துவிட்டார், பரவாயில்லை. என் பள்ளியிலும் முதல் நாள் பதினான்கு தாள் கிழிந்தது.

பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி அட்டை போட்டோம். பிள்ளையார் படம் அப்படியே இருந்தது, அதன்கீழ் "கிணறு தூர் வாரிய கதை" என்று எழுதினார்கள். இருப்புப் பதிவேட்டை எடுத்தேன். 313-ஆம் எண். நூலின் பெயர் எழுதினேன். ஆசிரியர் என்ற இடத்தில் "மூன்றாம், நான்காம் வகுப்பு" என்று எழுதினேன். விலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு போட்டேன்.

இப்படிப்பட்ட வேலைக்கு நான் முன்னோடி இல்லை. குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்று ஒரு மனிதர் இருந்தார். வழக்கறிஞர் தொழிலை விட்டுப் பிள்ளைகளிடம் வந்தவர். அவருடைய 'திவாஸ்வப்னா' தமிழில் 'பகல் கனவு' என்று கிடைக்கிறது. அதில் வருகிற ஆசிரியர் நான்காம் வகுப்புக்குள் நுழைந்ததும் பாடம் எடுக்கவில்லை, கதை சொல்கிறார். பாடப்புத்தகம் வாங்குகிற காசை ஒன்றாகச் சேர்த்து வகுப்புக்கு நூலகம் அமைக்கிறார். பெற்றோர் சும்மா விடுவார்களா? ஜப்பானில் டோமோயி பள்ளியைப் பற்றி 'டோட்டோ-சான்' படித்தவர்களுக்குத் தெரியும். ஓடாத ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். ஒரு ராத்திரியில் புதிதாக ஒரு பெட்டி வந்து சேருகிறது, அதுவே நூலகம் ஆகிறது. 1945-இல் குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்தது. அங்கே படித்த பெண் பெரியவளாகி எழுதியதால் அந்த ரயில் பெட்டிக்குள் இன்று நம் பிள்ளையும் ஏறி உட்காருகிறது.

இத்தாலியில் ஜானி ரொதாரி என்று ஒரு குழந்தைகள் எழுத்தாளர் இருந்தார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களை மோதவிட்டால் கதை பிறக்கும் என்றார். 1973-இல் கற்பனைக்கு ஓர் இலக்கணமே எழுதினார். அதைக் கேள்விப்பட்டதும் இரண்டு ஹார்லிக்ஸ் டப்பா வைத்தேன். ஒன்றில் உயிருள்ளவற்றின் பெயர்ச் சீட்டு, இன்னொன்றில் பொருள்களின் பெயர்ச் சீட்டு. ஒரு நாள் என்ன வந்தது தெரியுமா? தவளை, ரேஷன் கார்டு.

கிணற்றுத் தவளைகளை அவர்கள் மறக்கவில்லை. தவளை தாலுகா ஆபீசுக்குப் போகிறது. "குடும்பத் தலைவர் யார்?" "தெரியாதுங்க, முட்டையிலேர்ந்து வந்தோம்." "மொத்தம் எத்தனை உறுப்பினர்?" "போன மழைக்கு ஐந்நூறு, இப்ப நாலு." "நிரந்தர முகவரி?" "மழைக்கு வயல், வெயிலுக்கு மண்ணுக்கடியில." அதிகாரி மண்ணுக்கடியில் நேரில் வந்து விசாரித்தால்தான் கார்டு தர முடியும் என்கிறார். தவளை, "வாங்க" என்கிறது.

எழுதியது ஐந்தாம் வகுப்பு. சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் வீட்டுக்கு அப்போது கார்டு இல்லை. அம்மாவோடு மூன்று தடவை தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர்கள்.

சத்தம் வருமே, நூலகத்தில் அமைதி வேண்டாமா என்று கேட்பீர்கள். பெரியவர்களின் நூலகத்தில் வேண்டும். இந்தக் கட்டடத்தின் மாடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பிகளுக்கு வேண்டும், அவர்களுக்காக நானே மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். அவன் உதடு அசையாமல் படிக்கவே அவனுக்கு இன்னும் இரண்டு வருடம் வேண்டும்.

எங்கள் சத்துணவுக் கூடத்தில் ஓர் ஆயாம்மா இருந்தார். கையெழுத்துக்குப் பதில் ரேகை வைப்பவர். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்து வேப்பமரத்தடியில் கதை சொல்வார். அந்தக் கதைகள் எந்தப் பீரோவிலும் கிடையாது. கி. ராஜநாராயணன் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தாரே, அந்த வகை. பிள்ளைகள் எழுதி எட்டுப் பக்கமாக்கி, ஆசிரியர் பெயர் போட்டு அவர் கையிலேயே கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எது என் பேரு?" என்று கேட்டார். ஒரு பெண் விரல் வைத்துக் காட்டினாள். "இம்புட்டுத்தானா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரம் தன் பெயரின் முதல் எழுத்தை அரிசி மூட்டைமேல் கரியால் எழுதி வைத்திருந்தார்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கிழிந்த தாளுக்கு என்மேல் கோபமோ என்னவோ.

நான் மாறுதலாகிப் போகும்போது என்னிடமிருந்து பொறுப்பேற்க ஒரு அம்மையார் வந்தார். மணியைக் கொடுத்தேன். கொடிக்கயிற்றைக் கொடுத்தேன். சாவியைக் கேட்டார். துரு ஏறிப் பூட்டுக்குள்ளேயே முறிந்து போயிருந்தது, பாதிதான் இருக்கிறது என்றேன். பதிவேட்டை விரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பதினாறு புத்தகம் குறைந்தது. பட்டுப்புழு வளர்ப்பு அதில் ஒன்று. விலையைக் கூட்டிப் பணத்தை மேசைமேல் வைத்தேன். எண்ணிப் பார்த்து ரசீது எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"சார், 313-ஆம் நம்பரும் காணோம். விலை போடலியே, கோடுதான் இருக்கு. இதுக்கு எவ்வளவு கட்டுவீங்க?"

அவரிடம் சொன்ன பதிலையே உங்களிடமும் சொல்கிறேன். யாரோ வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான் அம்மா, கொண்டு வந்து கொடுக்கும்போது கேட்டுச் சொல்கிறேன்.